கூந்தலின் வறட்சியும் நூலறிந்தோர் கைமுறையும்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் பாவு இழைகள் வழக்கத்தினும் அதிகமாக அறுகின்றன. குழித்தறியில் நெய்வோர் அக்காலத்தில் தறியைச் சுற்றி நீர் தெளித்தும், ஈரச் சாக்கு விரித்தும் காற்றில் ஈரம் நிற்கச் செய்கின்றனர். காற்றில் ஈரம் குன்றினால் இழையிலும் குன்றும், குன்றிய இழை நெகிழ்ச்சியிழந்து முறியும் என்பதை அவர்களுக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. தறியே கற்பித்தது. ஆனால் அதே வீட்டில், அதே வெயிலில், தார் சுற்றும் பெண்மக்களின் கூந்தல் செம்பட்டையேறிச் சீப்பில் சிக்கி முறிவதைக் காணும்போது மட்டும், ‘எண்ணெய் போதவில்லை’ என்று ஒரே தீர்ப்பை வழங்கிவிட்டுக் கடையில் புதியதொரு புட்டியை வாங்கி வருகிறோம். அப்புட்டி தீர்ந்தபின் அடுத்த புட்டி. அதுவும் பயன்படாவிடில், முழங்கால் வரை வளர வேண்டிய கூந்தலைத் தோளளவில் வெட்டிவிடுகின்றனர். இழைக்கு ஒரு நியாயமும் கூந்தலுக்கு ஒரு நியாயமும் இல்லை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மயிரும் ஓர் இழையே. பருத்தி தாவரத்திலிருந்து வருவது. பட்டும் ஆட்டு ரோமமும் மனித மயிரும் உயிரினத்தின் புரதத்தால் ஆனவை. மயிரிலுள்ள புரதத்திற்குக் கெரட்டின் என்று பெயர். நம் நகமும் மாட்டின் கொம்பும் அதனால் ஆனவையே. இவ்விழைகள் யாவும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித் தம்முள் வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. நூல் வாணிபத்தில் எடை கணக்கிடுவதற்காக வகுத்துள்ள அளவின்படி, உலர்ந்த எடை நூறு பங்கானால் பருத்தி 8.5 பங்கும், பட்டு 11 பங்கும், ரோமம் 16 பங்கும் ஈரம் கொள்ளலாம். மனித மயிர் ஏறக்குறைய ரோமத்தை ஒத்தது. நீரில் முழுவதும் நனைந்தால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்களவு நீரைக் குடித்துவிடும். அப்பொழுது அது பருமனில் நன்றாக உப்பும். நீளத்தில் மிகச் சிறிதே கூடும்.

இங்கே நெசவாளர் கவனிக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. பருத்தி நூல் நனைந்தால் வலுவடைகிறது. பட்டும் ரோமமும் மயிரும் நனைந்தால் வலுக்குன்றுகின்றன. ஈர மயிரை இழுத்தால் அது இரப்பர்போல் நீண்டு, ஒரு வரம்பைக் கடந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாமல் கெட்டுவிடும். தலை குளித்தவுடன் நெருக்கமான பற்களையுடைய சீப்பைப் போட்டு உச்சியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுப்பது நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பது. பள்ளிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் சிறுமிகளுக்கு இழைக்கப்படும் இத்தீங்கு, வெயிலும் காற்றும் செய்யும் தீங்கினும் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

மயிரிழை ஒன்றின் புறத்தோற்றத்தை உருப்பெருக்கியில் கண்டால், வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தாற்போல் மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கக் காணலாம். செதில்களின் வாய் மயிரின் நுனியை நோக்கியிருக்கும். அவற்றின்மேல் கண்ணுக்குப் புலனாகாத கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. ஓடுகள் ஒழுங்காகப் படிந்து படலமும் அழியாதிருக்கும்வரை மயிர் வழுவழுப்பாக ஒளிரும். உள்ளிருக்கும் ஈரம் விரைவில் வெளியேறாது. ஓடுகள் தூக்கிக்கொண்டு விளிம்பு உடைந்தால், ஈரம் எளிதில் புகும், எளிதில் வெளியேறும். ஓர் இழையின் செதில் அடுத்த இழையின் செதிலில் மாட்டிச் சிக்கு விழும். வறண்ட கூந்தல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். நீர் போதாமை ஒரு பாதி. கூரை பழுதானமை மறுபாதி.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட மயிருக்கு உயிர் இல்லை. ஆகவே புண் ஆறுவதுபோல் அது தானே ஆறாது. மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மயிர் வளர்கிறது. எனவே 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு ஐந்து வயது. ஐந்து ஆண்டுகளின் வெயிலையும், தலைமுழுக்கையும், சீப்பையும் கண்ட பகுதி அது. மயிர்க்காலில் சுரக்கும் இயற்கை நெய்ப்பு, நீண்ட கூந்தலில் நுனிவரை இறங்கி வருவதில்லை. ஒரே தலையில் வேர்ப்புறம் பிசுபிசுப்பாகவும் நுனிப்புறம் வைக்கோல்போலவும் இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டுக்கும் ஒரே பக்குவத்தைச் செய்வதால்தான் பல வீட்டு மருந்துகள் தோற்கின்றன.

கூரை எவ்வாறு பழுதாகிறது? கச்சாப் பட்டை உழவாரச் சோடாவும் சோப்பும் கலந்த வெந்நீரில் காய்ச்சினால் அதன்மேலுள்ள பசை கரைந்து, எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்பதைப் பட்டுத் தொழில் செய்வோர் அறிவர். பட்டுக்கு அது வேண்டிய செயல். மயிருக்குக் காரம் வேண்டாத செயல். துணி துவைக்கும் சோப்பும், குளிக்கும் சோப்புகளில் பெரும்பாலானவையும் காரத்தன்மை உடையவை. காரம் பட்டால் மயிர் உப்பிச் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. மேலுள்ள கொழுப்புப் படலமும் நாளடைவில் அழிகிறது. பற்றாக்குறைக்கு நீரும் சேர்ந்துகொள்கிறது. சாயப்பட்டறையில் உப்புத் தண்ணீரால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிப்பதைக் கண்டு வருந்தும் நாம், அதே ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தலைக்கு ஊற்றும்போது அதைப்பற்றி நினைப்பதில்லை. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, கரையாத வெண்பசையாக மாறுகிறது. குளியலறை வாளியின் உட்புறத்தில் விரலால் வழித்தால் வருவது அதுவே. அப்பசை கூந்தலிலும் படிகிறது. படிந்த பசையைப் போக்க மீண்டும் சோப்புப் போடுகிறோம்.

1980-களில் சிறு பொட்டலங்களில் ஷாம்பு நாட்டுப்புறக் கடைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தபின் தலைக்குச் சோப்புப் போடும் வழக்கம் குறைந்தது. ஷாம்புவைப் பழிப்பது நாகரிகமாகக் கருதப்படுகிறது. நான் அதற்கு உடன்படேன். கடின நீரில் அது சோப்பைப்போல் திரிவதில்லை. அதன் காரமும் குறைவு. பொட்டலத்தை அப்படியே தலையில் கொட்டாமல் ஒரு கிண்ண நீரில் கரைத்து, மயிர்க்கால்களில் மட்டும் தேய்த்தால், வழிந்தோடும் நுரையே நீளப் பகுதிக்குப் போதுமானது. சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலை இலைப்பொடியாகிய அரப்பு ஆகியவற்றில் நுரைக்கும் பொருளான சபோனின் இயற்கையாக உண்டு. சீயக்காய் நீர் சிறிது புளிப்புத்தன்மை உடையதாதலின் செதில்களைத் தூக்குவதில்லை. ஆயினும் பொடியை அப்படியே குழைத்துத் தேய்க்கும் வழக்கம் நல்லதன்று. அதிலுள்ள திப்பி மயிரைச் சுரண்டும்; அலசினாலும் போகாது. பொடியை வெந்நீரில் ஊறவைத்துத் துணியில் வடித்து, அந்நீரை மட்டும் கொள்ள வேண்டும். அரப்பு எண்ணெயை வலுவாக நீக்கும் இயல்புடையது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளுக்கு ஏற்றது, வெறுந்தலைக்கு ஏற்றதன்று.

எண்ணெயும் ஈரமும் ஒன்றல்ல

எண்ணெயில் நீர் இல்லை. வறண்ட தலையில் எவ்வளவு எண்ணெய் தடவினாலும் அது ஈரத்தைக் கொடுக்காது. இருக்கும் ஈரத்தைக் காக்கும், அவ்வளவே. வயலுக்கு நீர் பாய்ச்சிய பின் மூடாக்கு இடுவது பயன் தரும். காய்ந்து வெடித்த நிலத்தில் இட்ட மூடாக்கு, மழை வரும்வரை காய்ந்த நிலத்தையே மூடிக்கொண்டிருக்கும். ஆகையால் முதலில் நீர், பிறகு எண்ணெய் என்பதே வரிசை. நம் வீடுகளில் தலை நன்றாக உலர்ந்தபின் எண்ணெய் தடவுகின்றனர். கூந்தல் அரை ஈரமாக இருக்கும்போதே தடவினால் அதில் பாதி எண்ணெய் போதும்.

எண்ணெய்களிலும் வேறுபாடு உண்டு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆதலின் மயிரின் உட்பகுதிவரை ஊடுருவ வல்லது. 2003-ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்றில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். கழுவுதலாலும் சீவுதலாலும் மயிர் இழக்கும் புரதத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. உள்ளே புகுந்த எண்ணெய், மயிர் நீரைக் குடித்து அளவுமீறி உப்புவதைத் தடுக்கிறது. ஒவ்வொரு முழுக்கிலும் உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கித்தான் செதில்கள் தளர்கின்றன. தலை குளிப்பதற்குமுன் எண்ணெய் தேய்க்கும் நம் முன்னோர் வழக்கத்திற்கு இவ்வாறு ஒரு நியாயம் கிடைத்துள்ளது.

நல்லெண்ணெயும் நல்லதே, அது பெரும்பாலும் இழையின் புறத்தே நின்று வழுவழுப்பைத் தரும். விளக்கெண்ணெய் மிகவும் தடித்தது. நாலில் ஒரு பங்குக்கு மேல் கலக்காதிருப்பது நலம். நீண்ட கூந்தலில் விளக்கெண்ணெய் கலந்து தடவி அலசியபோது, முழுக் கூந்தலும் கம்பளிபோல் இறுகிப் பிரிக்கவியலாத சடையாகி, கடைசியில் வெட்டியெறிய நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று 2017-ல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. அரிதான நிகழ்ச்சிதான், எனினும் நீண்ட கூந்தலை உச்சியில் குவித்துக் கசக்கித் தேய்ப்போர் நினைவிற்கொள்ளத் தக்கது.

கடைகளில் ‘கூந்தல் தைலம்’ என்று விற்பனையாகும் பல புட்டிகளில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெயே. புட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் ‘மினரல் ஆயில்’ என்றோ ‘லைட் லிக்விட் பாரஃபின்’ என்றோ அச்சிட்டிருப்பர். அதனால் கெடுதி இல்லை. மேற்பூச்சாக ஒட்டி மினுமினுப்பைத் தரும், உள்ளே புகாது. ஆனால் தன் தோப்பில் தேங்காய் காய்க்கும் விவசாயி, காயைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, பலமடங்கு விலைக்கு இதனை வாங்கி வருவதுதான் வேடிக்கை. இதன் தொடர்பில் மற்றொன்றும் சொல்லலாம். சிறு புட்டிகளில் அடைத்த தூய தேங்காய் எண்ணெய் உணவெண்ணெயா, கூந்தலெண்ணெயா என்ற வரி வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. சேலம் மத்திய கலால் ஆணையரின் மேல்முறையீட்டில், கூந்தலெண்ணெய் என்று குறித்து விற்றாலன்றிச் சிறு புட்டியில் உள்ளது என்பதற்காக மட்டும் அதனைக் கூந்தலெண்ணெயாகக் கருதலாகாது என்று 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. செக்கில் ஆட்டிய எண்ணெய் சமையற்கட்டிலும் தலையிலும் ஒன்றே.

கூந்தலுக்கும் கஞ்சி

பாவுக்குக் கஞ்சி போடுவது எதற்காக? இழையின்மேல் ஒரு பூச்சுப் படிந்து, துருத்தி நிற்கும் சிம்புகளை அடக்கி, அச்சில் உராயாமல் காப்பதற்காக. செதில் தூக்கிய மயிருக்கும் அத்தகைய பூச்சு வேண்டும். கஞ்சியைப்போல் விறைப்பதாயிராமல் வழவழப்பதாகவும், நீரைப் பிடித்துவைப்பதாகவும் அது இருத்தல் வேண்டும். வெந்தயம், செம்பருத்தி இலை, சோற்றுக்கற்றாழை ஆகிய மூன்றும் நமக்கு அதனைத் தருகின்றன. மூன்றிலும் இருப்பது நீரை உறிஞ்சிக் கொழகொழப்பாகும் பசைப்பொருள். இது மயிருக்குள் புகுந்து சத்தூட்டுகிறது என்று சொல்வதெல்லாம் மிகை. மேலே படிந்து ஈரத்தை நிறுத்துகிறது. சீப்பின் உராய்வைக் குறைக்கிறது. அதுவே போதுமான நன்மை.

மூன்றிலும் வெந்தயத்தையே முதலாவதாகச் சொல்வேன். ஆண்டு முழுதும் அடுக்களையில் இருப்பது, செலவும் சொற்பம். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை ஒரு பெரிய டம்ளர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் அந்நீருடனேயே நைய அரைத்து, மெல்லிய துணியிலிட்டுப் பிழிந்துகொள்க. பிழியாமல் விழுதாகவே அப்பினால் அதன் திப்பியைக் கூந்தலிலிருந்து எடுப்பதற்குள் பாதி மயிர் முறிந்துவிடும். செம்பருத்தி இலையை நீர் விட்டுக் கசக்கி வடித்தாலும் இத்தகைய பசை கிடைக்கும். சோற்றுக்கற்றாழையை வெட்டியவுடன் உபயோகிக்கலாகாது. மடலை நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். சிலர் தோலுக்கு அது அரிப்பைத் தரும். அது வடிந்தபின் தோலைச் சீவி, உள்ளிருக்கும் தெளிந்த சோற்றை இருமுறை கழுவிக் கடைந்துகொள்ள வேண்டும்.

இனி, செய்முறை. முதல்நாள் இரவு, தேங்காய் எண்ணெய் இரண்டு மூன்று தேக்கரண்டி எடுத்துக் காதுக்குக் கீழுள்ள நீளப் பகுதியில் தடவி, தளரப் பின்னிவிட வேண்டும். எண்ணெயைக் கொதிக்கக் காய்ச்ச வேண்டியதில்லை. குளிர்காலத்தில் உறைந்திருந்தால் வெந்நீரில் கிண்ணத்தை வைத்து உருக்கினாற் போதும். மறுநாள் பின்னலைப் பிரித்து, விரல்களால் சிக்கெடுத்தபின், வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சீயக்காய் நீரையோ கரைத்த ஷாம்புவையோ மயிர்க்காலில் தேய்த்து அலசுக. நீர் சொட்டுவது நின்றதும் வெந்தயப் பசையை நடுப்பகுதியிலிருந்து நுனிவரை நீவி, அகன்ற பற்களையுடைய சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கு விடுவிக்க வேண்டும். ஈரக் கூந்தலில் சீப்பிடலாகாது என்று முன்னர்ச் சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு. பசை இருப்பதால் சீப்பு வழுக்கிச் செல்லும். அரைமணி நேரம் ஈரத்துணியால் சுற்றியிருந்து, வெறும் நீரில் அலசிவிட வேண்டும். மழைநீர் சேமித்திருப்போர் கடைசி அலசலுக்கு அதனையே கொள்வது மிகச் சிறந்தது. அஃதில்லாத உப்புநீர் ஊர்களில் இரண்டு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைக் கலந்து ஊற்றி, சற்றுப் பொறுத்து நல்ல நீரில் அலசினால், படிந்துள்ள வெண்பசை நீங்கும். சாற்றின் அளவைக் கூட்டலாகாது. சாறு பட்ட தலையுடன் வெயிலில் நிற்றலும் ஆகாது, கூந்தல் வெளுக்கும்.

துவட்டும் முறையும் முக்கியம். முரட்டுத் துண்டால் அடித்து உதறிச் சடசடவென்று துவட்டுவதில் சிலருக்கு ஒரு திருப்தி. துண்டின் சுருள்நூல்கள் செதில்களில் மாட்டி இழுக்கின்றன. நம் சங்கங்களின் ஈரிழைத் துண்டில் ஒன்று, பலமுறை துவைத்து மென்மையானது, இதற்கு மிகவும் ஏற்றது. கூந்தலை அதில் பொதிந்து அழுத்தினால் நீரை அதுவே வாங்கிக்கொள்ளும். அரை ஈரமாக இருக்கும்போது உள்ளங்கையில் நாலைந்து துளி எண்ணெய் விட்டு, இரு கைகளிலும் பரப்பி, நுனிப்பகுதியில் நீவிவிட்டு நிழலில் உலர்த்த வேண்டும். சாம்பிராணிப் புகை மணத்திற்காக ஓரிரு நிமிடம் காட்டினால் குற்றமில்லை. தணல்மேல் கூந்தலை விரித்து உலர்த்துவது, சாயமிட்ட நூலை அடுப்பின்மேல் உலர்த்துவதற்கு ஒப்பாகும்.

வாரத்திற்கு ஒருமுறை இவ்வாறு செய்தால் மூன்று நான்கு வாரங்களில் சீப்பில் வேறுபாடு தெரியும். இரண்டாகப் பிளந்த நுனிகளை எந்தப் பக்குவமும் ஒட்டவைக்காது. விரற்கடை அளவு கத்தரித்துவிடுவதே வழி. கத்தரிக்காவிடில் பிளவு மேலேறும். முட்டையைப் பூசுவோர் உளர். முட்டையின் புரதம் மயிருக்குள் புக இயலாத அளவு பெரியது. பூச்சாக நிற்பதன்றி வேறில்லை. வெந்நீர் பட்டால் தலையிலேயே வெந்துவிடும். வெந்தயம் செய்யும் வேலைக்கு, குழந்தை உண்ண வேண்டிய முட்டையைச் செலவிடுவானேன்? வெந்தயப் பசையும் அன்றன்றைக்கே செய்துகொள்ளத்தக்கது. மறுநாள் புளித்து நாறும்.

பொடுகு உள்ளவர்கள் மண்டைத்தோலில் எண்ணெயை ஊறவிடலாகாது. பொடுகு வறட்சியால் வருவதென்று பலர் நினைக்கின்றனர். தோலின் நெய்ப்பை உண்டு வாழும் ஒருவகை நுண்பூஞ்சை அதற்குத் துணைபுரிகிறது. எண்ணெய் அதற்குத் தீனியாகும். அவர்கள் எண்ணெயை நீளப் பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மேற்சொன்னவை யாவும் வெளிக்காரணத்தால் வறண்ட கூந்தலுக்கே பொருந்தும். வெளிக்காரணத்தால் வரும் வறட்சி நுனியில் மிகுந்து வேர்ப்புறத்தில் குறைந்திருக்கும். புதிதாக முளைத்து வரும் வேர்ப்புற மயிரே முரடாகவும் ஒளியின்றியும் வருமாயின், குறை உடலில் இருக்கிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தளர்ந்தவர்களுக்குக் கூந்தல் வறண்டு முரடாகும். அத்துடன் தீராத சோர்வு, குளிர் தாங்காமை, உடல் பருத்தல், மலச்சிக்கல், மாதவிலக்கு மிகுதி ஆகியவையும் தோன்றலாம். நாள் முழுதும் தார் சுற்றி, அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்டு, ‘எனக்கென்ன, களைப்புத்தான்’ என்று சொல்லும் பெண்கள் நம் தெருக்கள்தோறும் இருக்கின்றனர். இரத்தச்சோகையில் கொத்துக்கொத்தாக மயிர் உதிர்வதும், போதிய புரத உணவில்லாத சிறுவரின் தலைமயிர் நிறம் வெளுத்துச் செம்பட்டையாவதும் மருத்துவர் நன்கறிந்தவை. இவ்வடையாளங்கள் தென்பட்டால் வெந்தயத்தை ஊறவைத்துக்கொண்டு காத்திராமல் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தைராய்டுக் குறைவுக்கு நாள்தோறும் உண்ணும் சிறு மாத்திரை உண்டு. அதனை உண்ணத் தொடங்கிச் சில மாதங்கள் சென்றபின் முளைத்துவரும் மயிரைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.